உமி எஞ்சினில் உன் முறை

ரங்கூன், லத்தா
14 நவம்பர் 2004, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுந்தருக்கும் மருமகள் ராணிக்கும் அம்மா நீலாம்பாள் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் நாலு மாடிப் படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது, மற்றபடி குறையொன்றும் இல்லை. நீங்களும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் கோபித்துக்கொள்ளாமல், உடம்பும் மனசும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். காஜா மைதீன் பாய் சிங்கப்பூர் போய்வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய தைலம், சட்டைத் துணி, ராணி வாங்கிய பருத்திப் புடவை எல்லாம் பத்திரமாக வந்தன. புடவை நல்ல நிறம், ஆனால் ராணி, இந்த வயதில் எனக்கு இத்தனை பெரிய பூ வேண்டாம் அம்மா, தீபாவளிக்குக் கட்டிக்கொண்டு படியிறங்கினேன், இரண்டாம் மாடி டோ கின் அக்கா கல்யாணத்துக்கா என்று கேட்டுவிட்டாள். இங்கே கரண்ட் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், அதுவும் அதற்கு மனசு வந்தால். வரும்போது தெருவே சேர்ந்து மீ லாபீ, மீ லாபீ என்று கத்துகிறதே, அந்தச் சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும். கத்தின கையோடு எல்லோரும் மோட்டாரைப் போட ஓடுகிறார்கள், நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் மறுபடியும் போய்விடுகிறது. அதனால் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் காலம் ஓடுகிறது. இந்தக் கடிதத்தைப் பகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன், உன் அப்பா கீழே மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமை பாய் மறுபடியும் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புவேன்.

போன கடிதத்தில் இரண்டு தாள் வைத்திருந்தாய். ஒன்று இருவருக்கும், ஒன்று எனக்கு மட்டும். எனக்கு எழுதியதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்பட்டு ராணியைத் தாளைத் திருப்பச் சொல்லாதே, வரிசையாகப் படி. முதலில் அவள் கேட்டதற்குப் பதில். உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் பார்க்க என்ன இருக்கிறது அத்தை என்று கேட்டிருந்தாள். பெரிய பகோடாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதைப் படத்திலேயே பார்த்திருப்பாள். நம்முடைய பக்கம் என்றால் அது மாவ்பிப் பக்கம், ராணி, உன் புருஷனுக்கு நாலு தலைமுறைச் சொந்தம் உள்ள பூமி, அதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

ரங்கூனை விட்டு வடக்கே போனால் முதலில் ஹ்லாகா ஏரி. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஏரியிலிருந்துதான் பட்டணத்துக்குக் குழாய் போட்டார்கள், அந்தக் குழாய்க்கு மண் வெட்டியவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள் என்று உன் மாமனார் சொல்வார், மீதிப் பாதியையும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். இப்போது ஏரிக்கரையில் காட்டுப் பூங்கா வைத்திருக்கிறார்கள், மான் கூட்டம் கூட்டமாகப் பக்கத்தில் வந்து கையிலிருந்து தின்னும், குரங்குகள் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். சுந்தர் பதின்மூன்று வயதில் அங்கே போனபோது குரங்கு அவன் கையிலிருந்த எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு கவளம் தின்றுவிட்டு, பிடிக்காமல் அவன் மேலேயே எறிந்தது. என் சமையலுக்குக் கிடைத்த பெரிய அவமானம் அதுதான். அங்கிருந்து இன்னும் மேலே போனால் தாவ்க்யான் என்ற ஊரில், ஜப்பான்காரனோடு நடந்த சண்டையில் செத்த சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம், புல் வெட்டிப் பூ வைத்து அத்தனை சுத்தமாக இருக்கும், நடுவில் பெரிய பெரிய தூண்கள், தூண் முழுக்கப் பெயர்கள். அதில் நம் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களும் உண்டு. உன் மாமனார் ஒரு தூணில் ஒரு ராமசாமியைக் கண்டுபிடித்து, பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தன் சித்தப்பா அவர்தான் என்று முடிவு செய்துவிட்டார். எத்தனையோ ராமசாமிகள் இருந்திருப்பார்களே, இவர்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவருக்கும் யாராவது ஒருத்தர் வந்து பூ வெக்கணுமில்ல, நாம வெச்சா என்ன" என்று சொன்னார். அன்றிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இரண்டு சாமந்தி வாங்குகிறோம். இதையெல்லாம் நீ வந்து பார்க்க வேண்டும் ராணி.

அதையும் தாண்டினால் மாவ்பி, மாவ்பியிலிருந்து மாட்டுவண்டிப் பாதையில் உள்ளே போனால் நம் ஜீபின்கோன். புரோம் ரயில் பாதைக்குப் பக்கத்து ஊர். இந்தத் தேசத்தில் போட்ட முதல் ரயில் பாதை அதுதான், அதைச் சரிபார்க்கும் கூலி கேங்கில் வந்தவர்தான் சுந்தரின் கொள்ளுத்தாத்தா, வேலை முடிந்ததும் ஊர் திரும்பாமல் பக்கத்திலேயே புதர் வெட்டி நெல் போட்டார். நாற்பத்திரண்டில் குண்டு விழுந்து ரங்கூன் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் புரோம் சாலையில் இந்தியாவை நோக்கி நடந்தார்களே, அந்தச் சாலை நம் ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. உன் மாமனாருக்கு அப்போது ஐந்து வயது, தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகப் போனவர்களுக்குத் தன் அம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இவர்களும் மூட்டை கட்டித்தான் வைத்திருந்தார்களாம், ஆனால் பசு கன்று போட இருந்தது, போட்டதும் போகலாம் என்று நாலு நாள் தங்கினார்கள், அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான், அப்புறம் போகவேயில்லை. பிறகு அறுபத்து நாலில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் கப்பலேறினபோதும் இவர்கள் ஏறவில்லை, அந்தத் தடவை எந்தப் பசுவும் கன்று போட இருக்கவில்லை, மனசுதான் வரவில்லை. நான் இதை ஏன் இத்தனை நீட்டுகிறேன் என்றால், எல்லோரும் போனபோது போகாத குடும்பம் என்பதுதான் உன் மாமனாருக்கு உள்ள ஒரே பெருமை. வேறு சொத்து ஒன்றும் அவரிடம் கிடையாது.

இனி உமி எஞ்சின் கதை. சுந்தரா, நீ அங்கேயே நின்றாய், உனக்கு எல்லாம் தெரியும், ராணிக்காக எழுதுகிறேன், நீயும் படி, உனக்குத் தெரியாததும் இதில் உண்டு. ஜீபின்கோனுக்குக் கவர்மெண்டு கரண்ட் வரவேயில்லை, தொண்ணூற்று ஏழில் ஊரே சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொண்டது. ரைஸ் மில் ஊ தெய்ன் மாங்தான் தலைவர், ராணி, இங்கே மரியாதைக்கு ஆண் பெயருக்கு முன்னால் ஊ என்றும் பெண் பெயருக்கு முன்னால் டோ என்றும் போடுவார்கள். மில்லில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிற உமியை மூடின உலையில் புகைய விட்டு, அந்தப் புகையைத் தண்ணீரில் அலசி, பழைய லாரி எஞ்சினுக்குக் கொடுத்தால் எஞ்சின் ஓடும், எஞ்சின் டைனமோவைச் சுற்றும். சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பது வரை வீட்டுக்கு ஒரு ட்யூப் லைட். நெல்லைத் தின்றுவிட்டுத் தோலில் விளக்கெரிக்கிறோம் என்று ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நாற்பத்து நாலு வீடு, நாற்பத்தைந்தாவது வீட்டை அந்த எஞ்சின் தாங்காது, எல்லா விளக்கும் சிவந்து போய்விடும். கூலிக்கு ஆள் கிடையாது, ஒரு நாளைக்கு இரண்டு வீடு முறை. முறைக்காரர்கள் நாலு மணிக்கே வந்து உமி கொட்டி, சாம்பலைக் கிண்டி இறக்கி, தண்ணீரைப் பார்த்து, ஒன்பது மணிக்கு நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இருபத்திரண்டு நாளைக்கு ஒரு தடவை முறை வரும், முறை தவறின வீட்டுக்கு விளக்கு கிடையாது. கம்பம் எங்கே நட வேண்டும், கம்பி எப்படி இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் உன் அப்பாதான் செய்தார், ரங்கூனில் முப்பது வருஷம் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், சொந்த ஊருக்கென்று இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்தார். கடைசி நாளில் தானே எல்லாவற்றையும் கெடுத்தார்.

எஞ்சினை ஓட்டும் நாள், கொட்டகையின் தென்கிழக்குத் தூணில் ஊர்க்காரர்கள் சிவப்புத் துணி சுற்றி ஒரு தேங்காய் கட்டியிருந்தார்கள். ராணி, பர்மாக்காரர்கள் வீட்டைக் காக்கிற நாத் சாமிக்கு இப்படித் தேங்காய் கட்டுவார்கள், அதை யாரும் தொடக் கூடாது. அதோடு அந்த நாத் நெருப்பில் வெந்து செத்துப்போனவர், அவர் முன்னால் சூடம், மெழுகுவர்த்தி என்று எதையும் கொளுத்தவும் கூடாது. இவருக்கு அது தெரியாதா, அறுபது வருஷம் இந்த மண்ணில் இருந்தவருக்கு? தெரியும். ஆனால் புது மிஷினைக் கண்டதும் கை நம் வழக்கத்துக்குப் போய்விட்டது, கம்பத்துக்கும் மிஷினுக்கும் பூசை போட்டே பழகின கை. நமக்காகத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று தேங்காயை அவிழ்த்து, அதன் மேல் சூடம் ஏற்றி, எஞ்சினை மூன்று சுற்றுச் சுற்றி, அஸ்திவாரக் கல்லில் ஓங்கி உடைத்தார். கொட்டகையில் இருந்தவர்கள் இரண்டு அடி பின்வாங்கினார்கள். அந்த நேரம் பார்த்து எஞ்சினை ஓட்டினார்களா, பெல்ட் அறுந்தது. அதோடாவது வாயை மூடிக்கொண்டு கும்பிட்டிருக்கலாம், இவர் பெல்ட்டைக் கையில் தூக்கிக் காட்டி, இது பழைய பெல்ட், நான் அன்றைக்கே மாற்றச் சொன்னேன், நாத் என்ன செய்யும் என்று பர்மா பாஷையில் நன்றாக விளங்கும்படி சொன்னார். முடிந்தது. புதுத் தேங்காய் கட்டி, எல்லோரும் மன்னிப்புக் கேட்டு, மறுநாள் புது பெல்ட்டில் எஞ்சின் ஓடியது, ஆனால் சங்கத்தில் ஊ இராமையா என்று உன் அப்பாவின் பெயரை எழுத ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஊருக்கே கம்பி இழுத்தவர் வீட்டில் விளக்கு இல்லை. அப்போதுதான் நீ, பத்தொன்பது வயதுப் பிள்ளை, கூட்டத்தின் நடுவில் எழுந்து, "அப்பா பேருதானே வேணாம், என் பேரை எழுதுங்க, நான் தேங்கா தொட மாட்டேன், முறைக்கு நான் வரேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஊ தெய்ன் மாங்கே சிரித்துவிட்டார். அப்படித்தான் நாற்பத்து நாலாவது பெயராக உன் பெயர் ஏறியது. அன்று உன் அப்பா முகத்தை நான் பார்த்தேன், அவருக்கு அவமானம் ஒரு பங்கு, சந்தோஷம் மூன்று பங்கு.

நீ ஒரு வருஷம் முறைக்குப் போனாய், லத்தாவிலிருந்து லைன்கார் ஏறிப் போய் உமி கொட்டிவிட்டு மூக்கெல்லாம் கரியோடு மறுநாள் காலையில் வருவாய். தொண்ணூற்று எட்டில் சிங்கப்பூர் கிளம்பும்போது மூன்று வருஷம் என்று சொன்னாய். அன்றிலிருந்து உன் முறைக்கு உன் அப்பா போகிறார். இதைத்தான் நான் உனக்கு இதுவரை முழுசாக எழுதவில்லை, அவ்வப்போது ஊருக்குப் போய்வருகிறார் என்றுதான் எழுதினேன். ஆறு வருஷம், இருபத்திரண்டு நாளைக்கு ஒரு தடவை, மழையென்றும் காய்ச்சலென்றும் பார்க்காமல் போனார். அவருக்கு ஜோடி முறைக்காரர் நம் சின்னத்தம்பி, அவரும் அறுபதைத் தாண்டியவர், இரண்டு கிழவர்களும் உமித் தூசியில் இருமிக்கொண்டு நிற்பார்களாம். முறை முடிந்து, பூட்டிக் கிடக்கும் நம் ஊர் வீட்டைத் திறந்து அங்கேயே படுத்து மறுநாள் வருவார், வந்து இரண்டு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார். நான் சண்டை போடாத முறை கிடையாது. ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு விளக்கு என்று கேட்டால், "நீ சும்மா இருடி, முறைய விட்டா பேர அடிச்சிருவாங்க, அவன் வந்து எங்க நிப்பான்" என்பார்.

ஜீபின்கோனில் நம் வீட்டுக்கு எதிரே கமருன்னிசா என்று ஒரு பெண் இருக்கிறாள், நீ அவளைப் பார்த்ததில்லை. மாவ்பி மார்க்கெட்டில் கடை வைத்திருந்த புருஷன் செத்துப்போனபிறகு இரண்டாயிரத்தில் அங்கே குடிவந்தவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் தைத்துக் கொடுத்து ஜீவனம் செய்கிறாள். அவள் வருவதற்குள் நாற்பத்து நாலும் நிறைந்துவிட்டது. யாராவது விட்டுக்கொடுத்தால்தான் அவளுக்கு லைன், காத்திருக்கிறவர்களில் முதல் பெயர் அவளுடையது. பகலெல்லாம் வயல் வேலை, சாயந்திரம் சிம்னி விளக்கில் தையல், கண் எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் நம் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாளாம், அவர் உள்ளே அணைக்காமல் விட்டுவந்த ட்யூபிலிருந்து ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சத்தில் தைக்க. உன் அப்பா அடுத்த முறைக்குப் போனபோது ட்யூபைக் கழற்றி வாசலுக்கு மேலே வெளிப்புறமாக மாட்டிவிட்டு வந்தார். வழியில் போகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று என்னிடம் காரணம் சொன்னார், அந்த வழியில் மாடு தவிர யாரும் போவதில்லை. நாலு வருஷமாக அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்து தைத்துவிட்டு, விளக்கு நின்றதும் தூக்கிக்கொண்டு போகிறாள், மழைக்காலத்தில் அதுவும் முடியாது. அவளிடம் அவருக்கு அத்தனை இரக்கம் உண்டு, ஆனால் உன் பெயரை விட்டுக்கொடு என்று சின்னத்தம்பி ஒரு தடவை வாயைத் திறந்ததற்கு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

இந்த நிலைமையில்தான் உன் கடிதம் வந்தது. நிரந்தரவாசம் கிடைத்துவிட்டது, ராணி பெயரையும் சேர்த்துச் சொந்தமாக வீடு வாங்கிவிட்டோம், இனி அங்கே வந்து இருப்பது முடியாது, விருந்தாளிகளாகத்தான் வருவோம், அப்பாவிடம் நீயே மெதுவாகச் சொல்லிவிடு அம்மா என்று எனக்கு மட்டும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பிள்ளைக்குச் சொந்த வீடு என்றால் எந்தத் தாய்க்குச் சந்தோஷம் இருக்காது? அப்புறம் குளிக்கும் இடத்தில் போய் ஒரு பாட்டம் அழுதேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் தாளைத் துணிப் பெட்டியில் அடியில் வைத்துவிட்டு மூன்று வாரம் நடமாடினேன், அதற்குள் அவர் ஒரு முறைக்கும் போய்வந்துவிட்டார், என் பாவம். தடின்ஜூட் விளக்குப் பண்டிகை கழிந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வருஷக் கூட்டம், நானும் வருகிறேன் என்று கூடக் கிளம்பினேன். அவருக்கு ஆச்சரியம், முழங்கால் சரியாகிவிட்டதா என்றார். தாவ்க்யான் முச்சந்தியில் லைன்கார் ஆள் ஏற்ற நின்றது, அவர் இறங்கிப் போய் வழக்கம்போல இரண்டு சாமந்தி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், அப்போது சொல்லிவிட்டேன். இவ்வளவு பேர் நடுவில் சொன்னால் கத்த மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அவர் கத்தவில்லை. எத்தனை அறை என்று கேட்டார். மூன்று என்றேன். அங்கே கரண்ட் போகுமா என்று கேட்டார். போகவே போகாதாம் என்றேன். "நல்லது" என்றார். கல்லறைத் தோட்டத்தில் இறங்கவும் மறந்துவிட்டார், பூ அவர் மடியிலேயே வந்தது.

கூட்டம் மடத்துப் பக்கத்துச் சாவடியில் நடந்தது. ஊ தெய்ன் மாங் ஒவ்வொரு பெயராகப் படிப்பார், வீட்டுக்காரர்கள் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். உன் பெயர் வந்தால் ஒவ்வொரு வருஷமும் உன் அப்பா எழுந்து, வெளியூரில் இருக்கிறான், வருவான் என்று சொல்வாராம். இந்தத் தடவையும் எழுந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மகன் சிங்கப்பூரில் சொந்த வீடு வாங்கிவிட்டான், மூன்று அறை, கரண்டே போகாத ஊர், அவன் இனி இங்கே குடியிருக்க வர மாட்டான், அவன் பெயரை எடுத்துவிட்டு டோ கமருன்னிசாவின் பெயரை எழுதுங்கள் என்று சொன்னார். குரல் நன்றாகத்தான் இருந்தது, கை மட்டும் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. பிறகு ஊ தெய்ன் மாங், அவருக்கும் இப்போது தலை வெளுத்துவிட்டது, தேங்காய் சமாசாரம் ஏழு வருஷத்துப் பழசு, நாத்தே மறந்திருப்பார், ஆறு வருஷம் முறை தவறாமல் வந்தவர் பெயர்தான் அந்த இடத்தில் வர வேண்டும், ஊ இராமையா என்று எழுதுகிறேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சுந்தரா, அவர் அந்த ஒரு வார்த்தைக்கு ஏழு வருஷம் காத்திருந்தார், அது எனக்குத் தெரியும், அவர் கண்ணிலும் தெரிந்தது. ஒத்துக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன். "எனக்கு ரங்கூனில் விளக்கு இருக்கு, நாலாம் மாடி" என்றார். ரங்கூன் கரண்ட் லட்சணம் தெரிந்த ஊர் ஆகையால் கூட்டமே சிரித்தது, சிரிப்போடு சிரிப்பாகக் கமருன்னிசாவின் பெயர் ஏறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை, பின்வரிசையில் எழுந்து நின்று, "அண்ணே, முறைக்கு நானே வருவேன், எனக்காக நீங்க வரக்கூடாது, உங்க இருமல் நாலு வருஷமா என் காதுல கேக்குது" என்று கோபம் மாதிரிச் சொன்னாள்.

அன்று மத்தியானமே வேலையை முடித்தார். சின்னத்தம்பி ஏணி கொண்டுவந்தார், நான் வேண்டாம், வேறு ஆள் ஏறட்டும் என்றேன், என் காதில் பேசாதே என்று ஏறிவிட்டார், அறுபத்தேழு வயதில். ஏணியின் ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் கமருன்னிசாவும் பிடித்துக்கொண்டோம். கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வருகிற கம்பியை வெட்டினார். வெட்டுவதற்கு முன்னால் இடுக்கியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், வெயில் கண்ணில் படுகிறது என்றார், வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது. பிறகு அந்தக் கம்பியை எதிர் வீட்டுக்கு இழுத்து, நம் ட்யூபையே அவள் தையல் மிஷினுக்கு நேர் மேலே மாட்டிக் கொடுத்தார். ஆறு மணிக்கு விளக்கு வந்தது. அவள் ஊசியில் நூல் கோத்தாள், ஒரே தடவையில் கோத்துவிட்டாள், அதைப் பார்த்து இவருக்குச் சிரிப்பு வந்தது. எதிரே நம் வீடு இருட்டாக நின்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சின்னத்தம்பி வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே தங்கி, மறுநாள் வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகு அவர் நன்றாகத்தான் இருந்தார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தார், நீ அனுப்பிய துணியில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காஜா மைதீன் பாய் கடையில் போய் உட்கார்ந்து, என் மகன் வீடு மூன்று அறை என்று எல்லோருக்கும் சொன்னார். சரி, ஆறிவிட்டது என்று நானும் நினைத்தேன். இன்று காலை கண் விழித்துப் பார்க்கிறேன், பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் கேரியரைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, கதவருகில் நிற்கிறார். போன முறைக்குப் போய்வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள், இன்று உன் முறை. அவருக்கே ஞாபகம் வந்து, கேரியரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அவன் அங்க இருக்கட்டும்டி, நல்லா இருக்கட்டும். எங்கிட்ட சொல்றதுக்கு அவனுக்கு என்ன பயம்? நான் என்ன செஞ்சிருவேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். உனக்குப் பதில் தெரிந்தால் நீ சொல்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீ வராததில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வருத்தத்தோடு நான் வாழ்ந்துவிடுவேன். உன் அப்பாவின் கேள்வியோடு என்னால் வாழ முடியாது. அவருக்கு எழுது. எனக்கு எழுதும் கடிதத்தில் அப்பாவுக்கு நமஸ்காரம் என்று ஒரு வரி போடுகிறாயே, அப்படி இல்லை, அவருக்கென்றே தனியாக ஒரு கடிதம். மன்னிப்பு ஒன்றும் கேட்காதே, அவர் வீட்டுப் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை. வீடு வாங்கினேன் அப்பா என்று ஆரம்பித்து, முதல் முதலாகச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொல், எந்த மாடி, எந்தப் பக்கம் வாசல், சுவிட்சு எங்கே, ஃபியூஸ் எங்கே, அவர் கேட்கக்கூடியதையெல்லாம் எழுது. அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நம்ம சுந்தர் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா என்று சொல்லுவார். நான் ஒன்றும் தெரியாதவளாட்டம் கேட்டுக்கொள்கிறேன்.

ராணி, இதையெல்லாம் படித்துவிட்டு நீ மனசைப் போட்டு குழப்பிக்கொள்ளாதே, உன்மேல் எங்களுக்கு அன்பு தவிர வேறொன்றும் இல்லை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தால் முதலில் சாப்பிடு. லீவு கிடைக்கும்போது இரண்டு பேருமாக வாருங்கள், ஏரி, மான், தூணில் இருக்கிற சித்தப்பா எல்லாம் காத்திருக்கும், ஜீபின்கோனில் கமருன்னிசா வீட்டில் ஒரு நாள் தங்கலாம் என்று இப்போதே சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மன் உங்கள் இருவரையும் கண்ணை இமை காப்பது போலக் காக்கட்டும், புது வீட்டில் பால் பொங்கி நிறையட்டும், நோய் நொடி அண்டாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தையே நினைத்திருக்கும் அம்மா,
நீலாம்பாள்

பின்குறிப்பு: அப்பாவுக்கு எழுதும் கடிதத்தைப் பாயிடம் கொடுக்காதே, தபாலில் போடு, அப்பாதான் கீழே போய்த் தபால்காரனிடம் வாங்குவார். உறையின் மேல் ஊ இராமையா என்று மட்டும் எழுது, என் பெயர் வேண்டாம்.